மருந்தும் போதனையும்

எறும்பு உருக்கொண்டு தேவர்கள் ஈசனை வழிபட்டதாகப் புராணம் கூறும் திருவெறும்பூரின் பெயரைக் கேட்டதும், வைத்திய நூல் பயின்றோர்க்கு வேறொரு விஷயமும் ஞாபகத்திற்கு வரக்கூடும். சிறுநீரை எறும்பு மொய்ப்பது மதுமேகத்தின் அடையாளமென்று நமது பண்டை ஆயுர்வேத ஆசிரியர்கள் கண்டறிந்திருந்தனர். அந்நோய் இன்று இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோரைப் பற்றியிருப்பதாக 2023-ஆம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சிக் கணக்கு கூறுகிறது.

மருந்தளிக்க முயற்சியில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம், நீரிழிவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாயிலிலேயே சேர்ப்பிக்கிறது. 2022 டிஸம்பரில் அதன் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்து அளிக்கப்பெற்ற இடம் நமது திருச்சி ஜில்லாவின் சன்னாசிப்பட்டியே. இது போற்றத்தக்க காரியம். ஆனால் மருந்து கைக்கு வந்துவிட்டால் மட்டும் போதுமா? அதை உபயோகிக்கும் முறை தெரியாதவனுக்கு அம்மருந்தே ஆபத்தாக முடியாதா?

இன்ஸுலினையே எடுத்துக்கொள்வோம். மேனாடுகள் பலவற்றில் ஒரே அளவுதான் பெரும்பாலும் வழங்குகிறது. நம் நாட்டிலோ மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ளதும் 100 யூனிட் உள்ளதும் இரண்டும் விற்கப்படுகின்றன. ஊசிக்குழல்களும் இருவகை. 40-க்கு உரியதற்குச் சிவப்பு மூடி. 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு நிற மூடி. 20 யூனிட் போடவேண்டிய ஒருவர் 40 யூனிட் புட்டியிலிருந்து 100-க்குரிய குழலில் 20 என்ற கோடு வரை எடுப்பாராயின், உடலில் சேர்வது 8 யூனிட்டே. மாற்றி எடுப்பாராயின் 50 யூனிட் சேரும். வியர்வை, நடுக்கம், மயக்கம், சில சமயம் மரணமே அதன் விளைவு. எழுத்தறிந்த நாமே தடுமாறக்கூடிய கணக்கு இது. கண்பார்வை மங்கிய முதியவள் என் செய்வாள்?

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்னும் ஐந்தையும் ஒவ்வொரு நர்ஸும் கற்றே வருகிறாள். ஆஸ்பத்திரிக்குள் அவள் கண் காக்கிறது. நோயாளி வீடு திரும்பிய பின்னர் அந்த ஐந்தும் அவனுடைய பொறுப்பாகின்றன. ஆகவே போதனையும் மருந்தின் ஒரு பகுதியே. "விளங்கிற்றா?" என்று கேட்டால் நம்மவர் மரியாதைக்காகத் தலையசைத்து விடுவர். "எவ்வளவு, எப்போது, எப்படிப் போட்டுக்கொள்வீர்கள்? எனக்குச் செய்து காட்டுங்கள்" என்று கேட்பதே முறை. ஊசி போட்டபின் உணவைத் தவறவிடலாகாது என்பதையும், நடுக்கம் கண்டவுடன் சர்க்கரை உட்கொள்ள வேண்டும் என்பதையும், நினைவிழந்தவர் வாயில் எதையும் புகட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் வீட்டார்க்கும் சொல்லியாக வேண்டும்.

நூறு பேர் வரிசையில் நிற்கையில் ஒரு நர்ஸ் இதற்கெல்லாம் எங்ஙனம் நேரம் காண்பாள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் அவளைக் குறை கூறுவதால் பயனில்லை. போதனைக்கென்றே நர்ஸுகளை நியமிப்பதும், மருந்து உறையில் அளவையும் வேளையையும் பெரிய தமிழெழுத்தில் குறிப்பதும் சர்க்காரின் கடமை. பொதுப்பணியில் ஈடுபட்ட நண்பர்களும் தத்தம் தெருவில் இன்ஸுலின் போட்டுக்கொள்ளும் முதியோரைக் கண்டு, புட்டியும் குழலும் பொருந்துகின்றனவா என்று நாளையே பார்ப்பார்களாக. ஐயம் தோன்றினால் தாமே அளவை மாற்றாமல் டாக்டரிடமோ நர்ஸிடமோ அழைத்துச் செல்வார்களாக.