மீன் விடாத குட்டை

புதுச்சேரி அரசின் முத்திரையில் இருப்பது ஆயி மண்டபம். பாரதி பூங்காவுக்கு நடுவில் வெள்ளையாக நிற்கிறதே, அதுதான். சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது ஒரு குளம் வெட்டிய பெண்ணுக்கு எழுப்பிய மண்டபம் என்பது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. விஜயநகர காலத்தில், விளக்கு எரிந்துகொண்டிருந்த ஆயியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்து அரசர் கும்பிட்டாராம். தேவதாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொல்லிவிட்டார். அவளே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை. பிறகு மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்தில் இருந்து நகருக்குத் தண்ணி கொண்டுவந்தபோது, அவள் நினைவாக இந்த மண்டபத்தைக் கட்டினார்கள்.

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்பது அரசுக் கணக்கு. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் பெரியவை. ஊசுட்டேரி 2008ல் பறவைகள் சரணாலயமாகவே அறிவிக்கப்பட்டது. இவ்வளவு இருக்கும் ஊரில், நகரத்துக்குள் ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் பத்தடிக்குக் குழி தோண்டித் தண்ணி நிறுத்தினால் தெருவே பயப்படுகிறது. பயம் கொசுவைப் பற்றியது. நியாயமான பயம்தான். அதனால் என் குட்டையைப் பற்றிச் சொல்லும்போது கொசுவைத் தவிர்த்துவிட்டுப் பறவையை மட்டும் சொல்லப் போவதில்லை.

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். கிணற்றுக்குக் கடன், போர்வெல்லுக்குக் கடன், மோட்டாருக்குக் கடன் என்று எத்தனையோ விண்ணப்பங்கள் என் மேசையைத் தாண்டிப் போயின. தவளைக்கு எந்த விண்ணப்பத்திலும் கட்டம் கிடையாது. ஓய்வுக்குப் பிறகு பாகூர் பக்கம் இரண்டு ஏக்கரில் மருந்தில்லாமல் நெல் வைக்கிறேன். வீடு முத்தியால்பேட்டையில். பழைய வீடு என்பதால் பின்னால் கொஞ்சம் கொல்லை உண்டு. ஒரு தென்னை, ஒரு மாதுளை, கறிவேப்பிலை, மிச்சம் வெறும் மணல்.

2021 பங்குனியில் வெட்டினோம். நீளம் 12 அடி, அகலம் 8 அடி, நடுவில் ஆழம் 3 அடி. எங்கள் பக்கம் கடலோர மண். ஒரு குடம் ஊற்றினால் திரும்பிப் பார்ப்பதற்குள் உறிஞ்சிவிடும். களிமண் நிலத்தில் இருப்பவர்கள் மண்ணை மிதித்தே குட்டையை இறுக்கிவிடலாம், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் ஷீட் வாங்கினேன். கல், வேர் எதுவும் குத்தாமல் இருக்க அடியில் பழைய சாக்கு, அதன்மேல் சலித்த மணல், அப்புறம் ஷீட். ஷீட்டின் ஓரத்தை ஒரு அடி வெளியே இழுத்துச் சின்னப் பள்ளத்தில் புதைத்துவிட வேண்டும். ஷீட்டின் மேல் நாலு அங்குலத்துக்கு என் வயல் மண்ணைப் பரப்பினேன். தோண்டிய கூலியும் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. நோட்டில் இருக்கிறது.

வடிவத்தில் ஒரே ஒரு விஷயம் முக்கியம். தொட்டி மாதிரி நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டிவிடக் கூடாது. ஒரு பக்கம் சரிவு வேண்டும், கூழாங்கல் போட்டு, தரையில் இருந்து தண்ணிக்கு நடந்தே இறங்குகிற மாதிரி. தவளைக் குஞ்சு கரையேறுவது அந்த வழியாகத்தான். குருவி குளிப்பதும், தவறி விழுந்த அணில் தப்பிப்பதும் அந்த வழிதான். இன்னொரு பக்கம் ஒரு அடி ஆழத்தில் படி மாதிரி விட்டால் செடி வைக்கலாம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேலி போடாமல் குட்டை வெட்டவே வேண்டாம். ஒரு அடித் தண்ணியும் குழந்தைக்கு ஆபத்துதான்.

மொட்டைமாடி மழைநீர்க் குழாயைக் குட்டைக்குத் திருப்பியிருக்கிறேன். முதல் தடவை போர்வெல் தண்ணியால் நிரப்பினோம், சுமார் 4,500 லிட்டர் பிடித்தது. குழாய்த் தண்ணி என்றால் குளோரின் போக இரண்டு மூன்று நாள் வெயிலில் விட்ட பிறகுதான் செடி வைக்க வேண்டும். நடுவில் அல்லி, அடியில் வேலம்பாசி, படியில் கோரை, கரையில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும். வெங்காயத்தாமரையை மட்டும் யார் ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஒரே வருடத்தில் குட்டையை மூடிவிடும்.

இரண்டாவது வாரம் தண்ணி பச்சையாகிவிட்டது. வந்தவர் போனவரெல்லாம் "இறைச்சிட்டு வேற தண்ணி ஊத்துங்க சார்" என்றார்கள். ஊற்றவில்லை. பச்சை என்பது பாசி, பாசியைத் தின்னும் பொடி உயிர்கள் பின்னாலேயே வரும், அவற்றைத் தின்பவை அதற்குப் பின்னால். வேலம்பாசி வேர்பிடித்து வளர்ந்ததும், ஆறாவது வாரத்தில் அடி தெரிந்தது.

இனி மீன். குட்டை வெட்டியது தெரிந்ததும் நண்பர்கள் பாலிதீன் பையில் கப்பி மீனோடு வந்துவிட்டார்கள். கொசுப்புழுவைத் தின்னும் என்று அக்கறையோடுதான் கொண்டுவந்தார்கள். நான் விடவில்லை. கப்பி தென்னமெரிக்க மீன். கொசுவுக்காகவே உலகம் முழுக்கக் கொண்டுபோன காம்பூசியா வட அமெரிக்க மீன். இவை கொசுப்புழுவைத் தின்பது உண்மை. ஆனால் காம்பூசியா தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தட்டான் குஞ்சையும் சேர்த்துத் தின்னும். கிணற்றிலும் மூடாத தொட்டியிலும் வேறு காவல் இல்லை, அங்கே மீன் விடுவது சரி. குட்டைக்கு வேண்டிய காவலாளிகள் தாங்களாகவே வருவார்கள், நாம் அவர்களுக்கு இடம் விட்டால் போதும்.

வந்தார்கள். தண்ணி நிறுத்திய மூன்றாம் நாளே தட்டான். வால் நுனியால் தண்ணியைத் தொட்டுத் தொட்டு முட்டை போட்டது. பிறகு ஊசித்தட்டான்கள் ஜோடி ஜோடியாகக் கோரையில் வந்து உட்கார்ந்தன. தண்ணிமேல் ஓடும் பூச்சி, மல்லாந்து நீந்தும் பூச்சி எல்லாம் ராத்திரியில் பறந்து வந்து சேர்ந்தவை. ஐப்பசி மழையில் மரத்தவளை. மாதுளைக் கிளை குட்டைக்கு மேல் சாய்ந்திருக்கும், அதில் ஒரு நாள் காலை வெள்ளையாக நுரை தொங்கியது. "யாரோ சோப்பு நுரையை வீசிட்டாங்க" என்று வீட்டுக்காரம்மா சொன்னார். அது மரத்தவளையின் முட்டைக் கூடு. சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணியில் சொட்டின. நாங்கள் இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். தொலைக்காட்சித் தொடரை அன்றைக்கு அவரே விட்டுவிட்டார்.

தட்டானின் இளமைக் காலம் முழுக்கத் தண்ணிக்குள். அந்தக் குஞ்சைப் பார்த்தால் இதுவா தட்டான் ஆகப்போகிறது என்று இருக்கும், சேற்று நிறத்தில் குண்டாக. அதன் கீழ்த்தாடை மடித்து வைத்த கை மாதிரி. இரை பக்கத்தில் வந்தால் கண் இமைப்பதற்குள் நீண்டு பிடித்து இழுத்துக்கொள்ளும். வளர்ந்ததும் ஒரு ராத்திரி கோரைத்தண்டில் ஏறி, முதுகைப் பிளந்து வெளியே வந்து, விடிந்ததும் பறந்துவிடும். தோல்கூடு தண்டிலேயே ஒட்டியிருக்கும். எண்ணாமல் இருக்க வங்கிக்காரனால் முடியுமா? 2022 ஆவணியில் மட்டும் 63 கூடு எண்ணினேன்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் கூட்டம் கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான்களைக் கவனித்திருப்பீர்கள். இவை இந்தியாவில் இருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று மாலத்தீவில் இருந்த சார்லஸ் ஆண்டர்சன் 2009ல் எழுதினார். நம் கொல்லையில் ஒரு நாள் தங்கிப் போகிறவர் எங்கே போகிறார் பாருங்கள்.

2022 ஐப்பசியில் தெருவில் இரண்டு குழந்தைகளுக்கு டெங்கு. அடுத்த வீட்டு அம்மாவின் பேரன் ஒருவன். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தான். அந்த அம்மா நேராக வந்தார். "மேனேஜர் சார், கோவிச்சுக்காதீங்க. உங்க குட்டையைத் தூர்த்துடுங்க. பிள்ளைக்கு ஒண்ணு ஆனா அப்புறம் எதுக்கு இந்தத் தவளையும் தட்டானும்?" பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. தெருவில் நாலு பேர் கையெழுத்துப் போட்டு மனுவும் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் பதில் சொல்லச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தது.

புதுச்சேரிக்குக் கொசு புதிதல்ல. யானைக்கால் நோய் இருந்த ஊர். 1975ல் இங்கே தொடங்கிய கொசு ஆராய்ச்சி மையம், டாக்டர் பி.கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை ஊர் முழுக்க ஒரு பெரிய வேலை செய்தது. மருந்தை மட்டும் நம்பாமல், கொசு எந்தத் தண்ணியில் பிறக்கிறது என்று தேடித் தேடி அந்த இடத்தைச் சரிசெய்தார்கள். சாக்கடை, கிணறு, குட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. எந்தக் கொசு எந்தத் தண்ணியில் என்பதுதான் கேள்வி. யானைக்கால் கொசு சாக்கடைத் தண்ணியில் வளரும். டெங்குக் கொசு வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணியில், டயர், தேங்காய்த் தொட்டி, மூடாத டிரம், பூந்தொட்டித் தட்டு போன்றவற்றில் முட்டையிடும். முட்டையில் இருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அந்தத் தண்ணியில் அதைத் தின்ன யாருமில்லை, அதுதான் அதற்கு வசதி.

சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கையில் வெள்ளைக் கரண்டியும் டார்ச்சும். குட்டையின் ஓரம், கோரை இடுக்கு, அல்லி இலைக்கு அடியில் என்று பத்து இடத்தில் மொண்டு பார்த்தார்கள். தலைப்பிரட்டை வந்தது, தட்டான் குஞ்சு வந்தது, கொசுப்புழு ஒன்றுகூட வரவில்லை. "இதுல இருக்காதுங்க ஐயா" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டு, தெருவில் மற்ற வீடுகளைப் பார்க்கப் போனார். இரண்டு வீடு தள்ளி ஒரு பூட்டிய வீடு. சொந்தக்காரர் குடும்பத்தோடு பிரான்சில். எங்கள் ஊரில் அப்படிப் பூட்டிய வீடுகள் நிறைய. பக்கத்து மாடி வழியாக ஏறிப் பார்த்தார்கள். மூடி இல்லாத தண்ணித்தொட்டி, ஒரு கரண்டி மொண்டால் புழு எண்ண முடியவில்லை.

ஆனாலும் அடுத்த வீட்டு அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. காகிதத்தில் எழுதியதைக் காட்டி அவரை நம்பவைக்க முடியாது. கொல்லையில் ஒரு பக்கெட் தண்ணியை வைத்து, தினமும் பார்த்துக்கொண்டே, புழு வளர்ந்த எட்டாம் நாள் அவரைக் கூப்பிட்டேன். பேரனும் வந்தான், அதற்குள் தேறியிருந்தான். பக்கெட்டில் இருந்து முப்பது புழுவைக் கண்ணாடிச் சாடியில் விட்டு, குட்டையில் இருந்து இரண்டு தட்டான் குஞ்சை அதில் போட்டோம். மிச்சத் தண்ணியை மணலில் கொட்டிவிட்டேன். பையன் சாடியை விட்டு நகரவே இல்லை. தாடை நீளும் ஒவ்வொரு முறையும் கத்தினான். சாயந்திரத்துக்குள் சாடி காலி. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவர் வீட்டுக் கொல்லையில் இருந்த உடைந்த ஆட்டுக்கல்லும் பழைய பிளாஸ்டிக் வாளியும் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தேன். கடிதத்துக்குப் பதிலாகப் பணியாளர்கள் எழுதிக்கொடுத்த குறிப்பையே இணைத்து அனுப்பினேன். குட்டை தப்பியது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பத்துக் கரண்டி மொண்டு நோட்டில் எழுதுகிறேன். புதிதாக வெட்டுகிறவர்கள் முதல் இரண்டு மாதம் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். காவலாளிகள் வந்து சேரும்வரை புழு தென்படலாம், வலைக்கரண்டியால் அரித்து எடுத்துவிடுங்கள்.

பாம்பும் வரும். மறைக்க ஒன்றுமில்லை. தவளை இருந்தால் தண்ணிப்பாம்பு வரத்தான் செய்யும். விஷம் இல்லாதது, சீண்டினால் கடிக்கும். நல்ல பாம்பு தங்காமல் இருக்க, குட்டையைச் சுற்றிச் செங்கல், விறகு, மட்டை எதையும் குவித்து வைப்பதில்லை. ராத்திரி டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போவதில்லை.

பறவைகள் தனிக் கதை. மடையான் ஒன்று காலையில் வந்து தவம் செய்கிறது. மீன் இல்லாத குட்டைக்கு மீன்கொத்தி எதற்கு வருகிறது என்று முதலில் ஆச்சரியமாக இருந்தது. வெண்மார்பு மீன்கொத்திக்குத் தவளையும் பூச்சியும்கூட ஆகாரம். கொண்டைக்குருவியும் தவிட்டுக்குருவியும் வெயிலில் குளிக்க வரும். இருட்டுகிற நேரத்தில் சின்ன வௌவால்கள் தண்ணியை ஒரு கோடு கிழித்துக் குடித்துவிட்டுப் போகும்.

இதில் விவசாயம் எங்கே என்று கேட்பீர்கள். பாகூர் வயலின் தாழ்ந்த மூலையிலும் இதே மாதிரி ஒரு குட்டை வெட்டியிருக்கிறேன், ஷீட் இல்லாமல். வயல் காய்ந்து கிடக்கும் கோடையில் தவளைக்கும் தட்டானுக்கும் அது தங்குமிடம். நட்ட பத்தாம் நாளே அவை வயலுக்குள் வந்துவிடுகின்றன. இலைச்சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சியையும் புகையானையும் பிடிக்க ஆள் தேட வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நம் வயல் தவளைகளைச் சாக்கு சாக்காகப் பிடித்து, காலை மட்டும் வெட்டிப் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேற்றினார்கள். 1987ல்தான் மத்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. தவளை போன வயலுக்கு மருந்து வாங்கக் கடன் கேட்டு வந்தவர்களை அந்தக் காலத்து வங்கிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பராமரிப்பு அதிகமில்லை. சித்திரை வெயிலில் நாளுக்குக் கால் அங்குலம் வற்றும், நாலு குடம் ஊற்றினால் சரியாகும். நிரம்பி வழிய ஒரு வழி அவசியம் வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தெருவே குளமானது. அல்லிச் செடிகள் தென்னைக்கு அடியில் கிடந்தன. எடுத்து மறுபடி நட்டதும் பிழைத்துக்கொண்டன.

மாசியில் ஒரு தடவை வேலம்பாசியில் பாதியைப் பிடுங்குவேன். பிடுங்கியதை உடனே அள்ளக் கூடாது, ஒரு ராத்திரி கரையோரம் கிடக்க வேண்டும், உள்ளே மாட்டிய குஞ்சுகள் தண்ணிக்குத் திரும்பிவிடும். மறுநாள் அது தென்னைப் பாத்திக்குப் போகும். இந்த வருடம் அந்த வேலையைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறோம். கானாங்கோழி ஒன்று இரண்டு நாளாக விடியற்காலையில் வந்து, கோரைக்குள் நுழைந்து பார்த்துவிட்டுப் போகிறது.