குகையும் ஈயக் குட்டையும்: கிந்தா மலைப்பக்கம் போகுமுன் தெரிந்துகொள்ளுங்கள்

தாப்பாவில் நெடுஞ்சாலை ஏறி ஈப்போ பக்கம் போகிறீர்களா? கம்பாரைத் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் மலைகள் கண்ணில் படும். கோப்பேங்குக்கு அருகே அந்த மலைகளுக்குள் இருப்பதுதான் குவா தெம்புரோங். தீபகற்ப மலேசியாவின் பெரிய குகைகளில் இதுவும் ஒன்று. மலைக்கு வெளியே, பச்சையும் நீலமுமாகத் தெரியும் 'ஏரி'களில் பல, பழைய ஈயச் சுரங்கங்கள். நம் ஊர்ப் பேச்சில் ஈயக் குட்டை.

பள்ளி விடுமுறை வந்தாலே "குகைக்குப் போலாமா, குட்டையில குளிக்கலாமா?" என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஆரம்பித்துவிடும். தாராளமாகப் போகலாம், ஆனால் எல்லா இடத்துக்கும் அல்ல. குகையை உருவாக்கியது தண்ணீர். ஈயத்தைப் பிரித்துக் கொடுத்ததும் தண்ணீர். இன்றைக்கு இரண்டு இடத்திலும் உயிருக்கு ஆபத்தாக இருப்பதும் பெரும்பாலும் அதே தண்ணீர்தான். எப்படி என்று பார்ப்போம்.

குகையும் ஈயமும் ஏன் ஒரே இடத்தில்?

கிந்தா பள்ளத்தாக்கு பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் இருந்தது. சிப்பி, பவளம் போன்ற உயிரினங்களின் ஓடுகள் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆனது. பின்னர் பூமிக்கு அடியிலிருந்து உருகிய பாறைக்குழம்பு மேலெழுந்து, குளிர்ந்து, கருங்கல்லாக இறுகியது. இன்றைய தித்திவங்சா மலைத்தொடரின் பெரும்பகுதி அந்தக் கருங்கல்தான். ஈயத்தாது அதனோடு சேர்ந்தே வந்தது.

அடுத்து மழையின் வேலை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களில் இறங்கி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. அப்படிக் கரைந்த வழிதான் குகை. அதே மழை கருங்கல்லையும் அரித்து, ஈயத்தாதைப் பள்ளத்தாக்குக்கு அடித்து வந்தது. ஈயத்தாது சாதாரண மணலைவிட இரண்டரை மடங்கு கனமானது. அதனால் தூரம் போகாமல் சுண்ணாம்புக்கல்லின் குழிகளிலும் இடுக்குகளிலும் தங்கிவிட்டது.

ஈயம் தேடியவர்கள் குகைக்குள்ளும் போனதற்குக் காரணம் இதுதான். குவா தெம்புரோங்குக்குள்ளேயே ஒரு காலத்தில் ஈயம் எடுத்திருக்கிறார்கள். சுமார் 3 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் குகைக்குள் இன்றும் ஓர் ஆறு ஓடுகிறது.

சுரங்கம் என்றால் குட்டையா?

'சுரங்கம்' என்றதும் நமக்கு இருட்டான நிலத்தடிப் பாதைதான் ஞாபகம் வரும். பகாங்கில் உள்ள சுங்கை லெம்பிங் அப்படிப்பட்டது. ஆனால் கிந்தாவில் ஈயம் பெரும்பாலும் மேல்மண்ணில் கிடந்ததால், திறந்தவெளியிலேயே தோண்டினார்கள்.

வேகமாகப் பாய்ச்சும் தண்ணீரால் மண்சரிவை உடைப்பார்கள். கரைந்த சேற்றைப் பம்பு வைத்து உயரமான மரச்சரிவுக்கு ஏற்றுவார்கள். இதற்குப் பெயர் பாலோங். சேறு கீழே வழியும்போது கனமான ஈயத்தாது குறுக்குக் கட்டைகளில் தங்கும். மணலும் களிமண்ணும் ஓடிப்போகும். சதுப்பான இடங்களில் மிதக்கும் ராட்சத இயந்திரங்கள் தோண்டின. 1938-ல் கட்டப்பட்ட அப்படியொரு இயந்திரத்தை தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் பார்க்கலாம்.

ஈயத்தின் கதை இந்த ஊர்களின் கதையும்தான். தாப்பா ரோட்டிலிருந்து அன்றைய தெலுக் அன்சனுக்கு 1893-ல் ரயில் பாதை போடப்பட்டதற்கு ஈயம் முக்கியக் காரணம். சுரங்கங்களில் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். ரயில் பாதையிலும் ரப்பர் தோட்டங்களிலும் ஏராளமான தமிழர்கள்.

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமில்லாமல் முடங்கியது. ஈய விலை சரிந்தது. ஏற்கெனவே நலிந்திருந்த சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கியது.

குகைக்குள் என்ன ஆபத்து?

முதல் ஆபத்து வெள்ளம். குகைக்கு மேலே வெயில் அடிக்கலாம். ஆனால் தூரத்து மலையில் மழை பெய்தால், அந்தத் தண்ணீர் குகைக்குள் இருக்கும் ஆற்றுக்கு வந்து சேரும். உள்ளே வழி குறுகலான இடத்தில் நீர் மட்டம் மளமளவென்று ஏறும். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 சிறுவர்களும் அவர்களின் பயிற்றுநரும் இப்படித்தான் சிக்கினார்கள். கடைசியாக இருந்தவர்கள் ஜூலை 10 அன்றுதான் வெளியே வந்தார்கள். 13 பேரும் பிழைத்தார்கள். ஆனால் மீட்புப் பணியின்போது சமான் குனான் என்ற முக்குளிப்பாளர் உயிரிழந்தார். அதுவும் சுண்ணாம்புக்கல் குகைதான்.

இரண்டாவது, பாறை விழுவது. கல்லைக் கரைக்கும் தண்ணீர் விரிசலையும் அகலப்படுத்துகிறது. ஈப்போவில் கல்லுமலை முருகன் கோவில் இருக்கும் குனோங் சீரோவை நம்மில் பலருக்குத் தெரியும். அந்த மலையில் 1973 அக்டோபர் 18 அன்று பெரிய பாறை சரிந்து, அடிவாரத்தில் வசித்த சுமார் 40 பேர் இறந்தார்கள்.

மூன்றாவது, வௌவால் எச்சம். அதில் வளரும் ஒருவகைப் பூஞ்சையின் நுண்துகள்களை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் தொற்று வரலாம்.

குட்டை அமைதியாகத்தானே இருக்கு?

மேலே அமைதிதான். பிரச்சினை அடியில் இருக்கிறது. இயற்கை ஏரியின் கரை பல இடங்களில் சரிவாக இறங்கும். இது தோண்டிய பள்ளம் என்பதால், இரண்டு அடி வைத்தால் முழங்கால், மூன்றாவது அடியில் ஆளே முழுகும் ஆழம் என்று இருக்கலாம். பாலோங்கிலிருந்து ஓடிவந்த மணல் இறுகாமல் இருந்தால் கரை காலடியில் சரியும். களிமண் படிந்த இடத்தில் கால் புதையும். நன்றாக நீச்சல் தெரிந்தவருக்கும் ஏறிவரப் பிடிப்பு கிடைக்காது.

போகிறவர்கள் என்ன செய்யலாம்?

- வழிகாட்டி இருக்கும் குகைக்கு மட்டும் போங்கள். பெயர் தெரியாத பொந்துக்குள் நுழைய வேண்டாம்.
- குகை இருக்கும் இடத்தின் வானிலையோடு, சுற்றியுள்ள மலைகளின் வானிலையையும் பாருங்கள். மழை அறிகுறி இருந்தால் ஆற்றுவழிப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.
- எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். உள்ளே கைப்பேசிக்குச் சிக்னல் இருக்காது.
- தலைக்கவசம், பிடிமானமுள்ள காலணி, ஆளுக்கு ஒரு விளக்கு, கூடவே ஒரு மாற்று விளக்கு அவசியம்.
- ஈயக் குட்டையில் இறங்காதீர்கள். யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காமல் கயிறு, கம்பு, காலி டின் என மிதப்பதையோ எட்டுவதையோ கொடுங்கள். உடனே 999-ஐ அழையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. குகையில் தொங்கும் கல்விழுதுகள் பல இடங்களில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. உடைத்தால் நம் காலத்தில் திரும்ப வராது. லெங்கோங்கில் கண்டெடுக்கப்பட்ட, பத்தாயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான 'பேராக் மனிதன்' எலும்புக்கூடு குகையில் இருந்ததால்தான் நமக்குக் கிடைத்தது. ஈப்போவுக்கு வடக்கே காந்தான் குகையில் கிடைத்த ஒரு சிலந்தி இனம், 1997-ல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன அங்கே இருக்கின்றனவோ! அதனால் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, எதையும் தொடாமல் திரும்புங்கள்.