உலகை எடையிட்ட குன்று

ஸ்காத்லாந்து நாட்டின் பெர்த்ஷயர் மேட்டுநிலத்தில் ஷீஹாலியன் என்னும் மலையொன்று தனித்து நிற்கின்றது. அதன் உயரம் 1,083 மீட்டர். அந்நாட்டுப் பென் நெவிஸ் மலையோ 1,345 மீட்டர். ஆதலின், உயரத்தால் இதற்குப் பெரும்புகழ் இல்லை. எனினும், நடந்தேறி மகிழ்வோர் இதனைப் பெரிதும் நாடுவர். அவர்தம் அடிக்கீழ்க் கிடக்கும் பாறைகளே முன்னொருகால் நிலவுலகின் எடையை அறியத் துணைநின்றன.

கொத்தர் சுவரெழுப்புங்கால் தொங்கவிடும் தூக்குக்குண்டு நேர்கீழாக நிற்கும். அருகே பெருமலை ஒன்றிருப்பின், அதுவும் குண்டைத் தன்பால் சிறிது இழுத்தல் வேண்டும். நியூட்டன் இதனை எண்ணியதுண்டு; ஆயின், அவ்விழுப்பு அளத்தற்கரிய சிறுமையுடையது எனக் கருதினார். 1774-ஆம் ஆண்டில் வானநூல் அறிஞர் நெவில் மாஸ்கலின் அதனை அளக்கத் துணிந்தார். சீரிய வடிவும், பிற மலைகள் நெருங்காத தனிமையும் உடைமையால் ஷீஹாலியன் அதற்கு ஏற்றதாயிற்று.

அவர் அம்மலையின் தென்சரிவிலும் வடசரிவிலும் தங்கி, உச்சிக்கு நேரே வரும் விண்மீன்களைத் தூக்குநூலோடு ஒப்பிட்டு அளந்தார். மழையும் முகிலும் பல இரவுகளைக் கவர்ந்துகொண்டன. ஏறத்தாழ நான்கு திங்கள் கழிந்தன. இருபுறத்தும் நூல் மலைப்பக்கமே சாய்ந்திருந்தது! ஒரு பாகையை 3,600 கூறாக்கின் ஒரு கூறு விகலை எனப்படும். இரு சாய்வுகளையும் கூட்டினும் 11.6 விகலையே. இத்துணைச் சிறியதனைக் கண்டறிந்த பொறுமை வியத்தற்குரியது.

மலையின் கனவளவைக் கணிக்கும் பொறுப்பைச் சார்லஸ் ஹட்டன் என்னும் கணித அறிஞர் ஏற்றார். நில அளவையார் குறித்த உயரங்கள் தாளெங்கும் சிதறிக் கிடந்தன. ஒத்த உயரமுள்ள இடங்களை அவர் கோட்டினால் இணைத்தார். மலையின் வடிவம் கண்முன் எழுந்தது. மாணவர் நிலப்படங்களில் காணும் சமவுயரக் கோடுகள் இத்தகையனவே. நிலவுலகின் அடர்த்தி நீரினும் ஏறத்தாழ 4.5 மடங்கு என அவர் 1778-இல் முடிவுகண்டார். இன்று அறியப்படுவது 5.5 மடங்கு. விடை சற்றுக் குறைந்ததேனும், உலகம் உள்ளீடற்ற கூடன்று என்பதும், அதன் உட்பகுதி மேற்பாறையினும் செறிந்தது என்பதும் தெளிவாயின.

இம்மலைக்கு இடர் விளைத்தவை அதனை விரும்பி வந்தோரின் கால்களே. ஈரமண் மிதிபட்டுச் சேறாயிற்று. சேற்றுக்கு அஞ்சியோர் விலகி நடந்தனர். தடம் அகன்று வடுவாயிற்று. 1999-இல் ஜான் மியூர் அறக்கட்டளை கீழைச் சரிவை விலைக்கு வாங்கி, வேறு வழியே புதுப்பாதை அமைத்தது. அப்பணி 2003-இல் நிறைவுற்றது. பழைய வடுவின்மேல் புல்லும் புதரும் மெல்லப் படரலாயின. உச்சியை அடுத்த பகுதியிலோ பாதை இல்லை. ஏறுவோர் கற்குவியல்களின்மேல் அடிபார்த்தே செல்லுதல் வேண்டும்.