பளபளப்பை நம்பி கார்னெட் வாங்காதீர்கள்

பள்ளி பேண்டில் டிரம்பெட்டைப் போன்ற பித்தளை ஊதுகருவியான கார்னெட்டை ஊதியவர்கள் வேலை, குடும்பம் என்று அதை மூட்டை கட்டிவிட்டு, ஓய்வுபெற்றதும் மறுபடி கையில் எடுப்பது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அடிக்கடி நடக்கிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 1991-இல் ராய் எர்ன்ஸ்ட் என்ற இசைப் பேராசிரியர், வயதில் மூத்தவர்களுக்காகவே 'நியூ ஹொரைசன்ஸ்' பேண்டைத் தொடங்கினார். பின்னர் அதே பெயரில் பல ஊர்களில் பேண்டுகள் முளைத்தன.

திரும்பி வரும் இவர்களில் சிலருக்குப் பழைய கார்னெட் மேல்தான் ஆசை. அதில் நியாயம் இருக்கிறது. நூறாண்டுக்கு முன்பு மேடையின் நாயகன் கார்னெட்தான். அமெரிக்காவின் புகழ்பெற்ற சூசா பேண்டில் ஹெர்பர்ட் கிளார்க் ஊதியது அதைத்தான்; 1923-இல் கிங் ஆலிவர் குழுவின் இசைத்தட்டுகளில் லூயி ஆம்ஸ்ட்ராங் வாசித்ததும் அதைத்தான். அமெரிக்காவின் எல்கார்ட் நகரின் கான், லண்டனின் பெஸன் போன்ற பட்டறைகள் தங்கள் முழுத் திறமையையும் அதில் கொட்டின. பிறகு டிரம்பெட் முந்திக்கொண்டதால், பழைய கார்னெட்டுகள் பொதுவாக மலிவாகவே கிடைக்கின்றன. குழாயின் நீளம் டிரம்பெட்டுக்குச் சமம் என்றாலும் இறுக்கமாகச் சுருட்டியிருப்பதால் எடை உடம்போடு ஒட்டி நிற்கும். தோள்வலிக்காரர்களுக்கு இது பெரிய வசதி.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது சுருதி. இன்றைய சுருதியில் 'ஏ' ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ். அந்தக் காலத்து அமெரிக்கக் கருவிகள் பலவற்றின் சுருதி 457. பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகளோ 1960-கள் வரை 452-ஐ ஒட்டியே வாசித்தன. அப்படிப்பட்ட கார்னெட்டில் சுருதி சரிசெய்யும் இழுகுழாயான ஸ்லைடை எவ்வளவு இழுத்தாலும் ஒரு ஸ்வரம் சேரும், அடுத்தது விலகும். பேண்டில் உட்கார்ந்து வாசிக்க அது உதவாது. சில கருவிகளில் 'எல்.பி.' (தாழ்சுருதி), 'எச்.பி.' (உயர்சுருதி) என்று முத்திரை இருக்கும். இல்லாவிட்டால் டியூனரை வைத்து ஊதிப் பார்ப்பதே வழி.

அடுத்தது வால்வு. வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை வெளியே உருவினால் 'டப்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் காற்று கசிகிறது. வால்வுக்குள் இருக்கும் பிஸ்டனுக்கு மறுமுலாம் பூசும் செலவு, கருவியின் விலையையே தாண்டக்கூடும். மவுத்பீஸ் செருகும் குழாயையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். துடைத்தும் போகாத, நடுவில் கருத்த இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து உலோகம் உள்ளிருந்து அரிக்கிறது என்று அர்த்தம். மெருகு ஏற்றினால் புள்ளி மறையும், நோய் தீராது. மாறாக, மங்கிய வெள்ளி முலாம், சிறு நசுங்கல் இவற்றுக்காக ஒரு நல்ல கருவியைத் தள்ளிவிடுவது நஷ்டம்.

மவுத்பீஸும் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். டிரம்பெட் மவுத்பீஸின் தண்டு தடிமன், இதில் நுழையாது. மிகப் பழைய கார்னெட்டுகளில் இன்றைய கார்னெட் மவுத்பீஸே சரியாகப் பொருந்தாமல் போகலாம். ஆழமான குழிவுள்ள மவுத்பீஸ்தான் கார்னெட்டுக்கே உரிய உருண்டையான, இதமான ஓசையைத் தரும்.

கருவி கைக்கு வந்ததும் அவசரப்படாதீர்கள்; உதட்டுத் தசை பல வருஷ ஓய்வில் தளர்ந்திருக்கும். உச்ச ஸ்வரம் வரவில்லை என்று மவுத்பீஸை உதட்டில் அழுத்துவது காயத்தில்தான் முடியும். மெல்லிய ஓசையில் நீண்ட ஸ்வரங்கள், ஊதிய அளவுக்கு ஓய்வு: ஆரம்பத்தில் இது போதும். பிரெஞ்சு கார்னெட் கலைஞர் ஆர்பன் 1864-இல் வெளியிட்ட கார்னெட் பயிற்சி நூல் இன்றும் அச்சில் உள்ளது. ஒரு காலத்தில் எவ்வளவு நன்றாக வாசித்திருந்தாலும், அதன் முதல் பாடத்திலிருந்தே தொடங்குங்கள்.