உங்களுக்குத் தெரியுமா? வினிகர் செய்த வேலை!

ஊறுகாய்க்கும் ஃப்ரைடு ரைஸுக்கும் ஊற்றுகிறோமே வினிகர், அதில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கத் தெரியும்! பஞ்சில் தொட்டு ஒற்றி எடுத்தால் போதும். கோளாறு தொடங்கிய இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று மாறும். மைக்ராஸ்கோப் வேண்டாம், லேப் வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றால், ரிசல்ட் ஒரே நிமிடத்தில்!

இதை ஊர் ஊராகப் போய்ச் சோதித்துப் பார்த்தது எங்கே? லண்டன் இல்லீங்க, நம்ம திண்டுக்கல் மாவட்டம்! ஒட்டன்சத்திரம் என்றால் உங்களுக்குக் காய்கறிச் சந்தைதான் ஞாபகம் வரும். புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களுக்கோ அதன் பக்கத்தில் இருக்கும் அம்பிளிக்கை! 2000-ல் ஆரம்பித்து அவர்கள் பரிசோதித்த பெண்கள் 31,343 பேர்!

பரிசோதித்தது பெரிய டாக்டர்கள் என்றா நினைத்தீர்கள்? நர்ஸம்மாக்கள்! வெள்ளையாகத் தெரிந்த இடத்தை, தேவைப்பட்டவர்களுக்கு அவர்களே உறையவைத்து அழித்தும் விட்டார்கள். அதுவும் அதே நாளில்! இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வரவேண்டிய வேலையே இல்லை.

பலன்? பரிசோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் ஏற்பட்ட மரணங்கள் 35 சதவீதம் குறைவு! 2007-ல் 'லான்செட்' இதழே வெளியிட்டது.

மும்பை குடிசைப் பகுதிகளில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பத்தாவது படித்த பெண்களுக்கு நாலே வாரப் பயிற்சி. கையில் அதே வினிகர் கரைசல். மரணங்கள் 31 சதவீதம் குறைந்தன!

மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில், இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பரிசோதனை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. மரணங்கள் கிட்டத்தட்ட பாதியாகின!

இப்போது என் ஃபேவரிட்! இந்த வைரஸுக்கான தடுப்பூசியை எத்தனை தடவை போடுவது என்று 2009-ல் இந்தியாவில் ஓர் ஆய்வு தொடங்கியது. 2010-ல் தடுப்பூசி ஆய்வுகளை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு. ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோனார்கள். ஆய்வு அம்போ என்றுதானே நினைப்பீர்கள்? பத்து வருடம் கழித்துப் பார்த்தால், அந்த ஒற்றை ஊசியே சுமார் 95 சதவீதப் பாதுகாப்பு கொடுத்திருந்தது! 2022-ல் ஒரு ஊசியே போதும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. செலவு மளமளவென்று குறைந்தது!

இந்தத் தடுப்பூசியை நாடு முழுக்கப் போட்ட முதல் ஆப்பிரிக்க நாடு எது? குட்டியூண்டு ருவாண்டா! ஆண்டு 2011. பள்ளிக்கூடத்துக்கே போய்ப் போட்டார்கள். முதல் வருடமே 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது!

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் எத்தனை படுக்கைகளோடு ஆரம்பித்தது? வெறும் 12! தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிடிவாதம் அது.

இந்தியாவில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம்தான்! இது 2019-21 தேசியக் கணக்கெடுப்பு. தமிழ்நாடு? 9.8 சதவீதம். மாநிலங்களிலேயே முதலிடம்! (காலரைத் தூக்கிவிடுவதா, தலையில் கை வைத்துக்கொள்வதா? தெரியவில்லை!)

மலேசியாவில் 'ரோஸ்' என்று ஒரு திட்டம். பெண்ணே தனியாகப் போய், தானே மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். கூச்சமே வேண்டாம். ரிசல்ட் எங்கே வரும் தெரியுமா? அவர் செல்போனுக்கே!