கூடு அங்கே, குடித்தனம் இங்கே!

சென்னைக்குத் தெற்கே, வேளச்சேரிக்கும் துரைப்பாக்கத்துக்கும் இடையில் பரந்து கிடக்கிறது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். மார்கழி, தை மாதங்களில் அங்கே பறவை பார்க்கப் போகிறவர்கள் பலர். பூநாரையும் கூழைக்கடாவும் தரிசனம் தந்துவிட்டால் அவர்களுக்குத் திருப்தி. பங்குனி பிறந்து வெயில் ஏறிய பின் போகிறவர்களோ சிலர்தாம். நேயர்களை அந்தச் சிலரோடு சேர்க்க விரும்புகிறோம். ஏனெனில், உள்ளங்கையில் அடங்கும் சிறு குருவிகள் நெடும் பயணத்துக்கு ஆயத்தமாகும் காலம் அதுவே.

விடியற்காலையில் கரையோரப் புதரருகே அசையாமல் நிற்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் வேலை. இரண்டு கூழாங்கற்களைத் தட்டினாற்போல் "டக், டக்" என்று ஓர் ஒலி வரும். அதுதான் பிளைத் நாணல் கதிர்க்குருவி. கல்கத்தா ஆசியச் சங்கத்தின் பொருட்காட்சிசாலையைப் பராமரித்த எட்வர்டு பிளைத் 1849ல் இதை விவரித்து எழுதினார். பெயரில் நாணல் இருப்பினும், இது பெரிதும் நாடுவது புதர்களையே. எடை சுமார் 12 கிராம்; நிறம் வெறும் மண்ணிறம். ஆனால் புறப்படும் நாள் நெருங்கும்போது, அதுவரை "டக்" என்பதைத் தவிர வேறொன்றும் அறியாததுபோல் இருந்த குருவி, மெல்லப் பாடத் தொடங்குகிறது. கச்சேரிக்கு முன் வித்துவான் தமக்குள் முணுமுணுப்பது போன்ற பாட்டு அது. முழுக் கச்சேரி ரஷ்யாவிலும் பின்லாந்திலும், இரவு வேளையில் நடைபெறும்.

ஈரத் தரையில் மேயும் எருமைகளின் காலடியைப் பாருங்கள். அவை கிளப்பும் பூச்சிகளைப் பிடிக்க மஞ்சள் வாலாட்டிக் குருவிகள் ஓடித் திரியும். குளிர்காலத்தில் மங்கியிருந்த ஆண் குருவி, இப்போது இறகு மாற்றிப் பளிச்சென்ற மஞ்சள் உடை பூண்டு மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும். நீர்ப்பரப்பின்மேல் தகைவிலான் குருவிகள் தாழப் பறந்து ஈ, கொசு முதலியவற்றை வேட்டையாடும்.

இவ்வளவு தீனி எதற்கு? வழிக்குக் கட்டுச்சோறு வேண்டாமா? தின்ற பூச்சிகளெல்லாம் கொழுப்பாகி உடம்பில் தங்குகின்றன. அதுவே பறப்பதற்கு எரிபொருள். தகைவிலான் பகலில் இரை பிடித்துக்கொண்டே போகும். கதிர்க்குருவியோ இரவில் பறந்து, பகலில் இறங்கி இரை தேடும். புறப்படும் இடத்தில் வயிறு நிறையாத குருவி போய்ச் சேருமா என்பது சந்தேகந்தான்.

இவற்றை "வெளிநாட்டுப் பறவைகள்" என்று சொல்லிவிடுகிறோம். ஆவணி, புரட்டாசியில் வரும் கதிர்க்குருவி சித்திரை வரையில் இங்கேதான் வாழ்கிறது. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கச் சில மாதங்கள் அங்கே. ஆண்டில் பாதிக்கு மேல் குடித்தனம் இங்கே. அப்படியானால் அது யாருடைய பறவை?

இந்தச் சதுப்பில் நகரத்தின் குப்பை பல்லாண்டுகள் கொட்டப்பட்டது. சாலைகளும் கட்டிடங்களும் அதைக் குறுக்கின. 2007ல் ஒரு பகுதி காப்புக் காடாயிற்று. 2022ல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாகவும் அங்கீகாரம் பெற்றது. மகிழ்ச்சிதான். ஆயினும், அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கரையோரப் புதரை வெட்டிப் புல்தரை போட்டால், பூநாரைக்கு நீர் மிஞ்சலாம்; கதிர்க்குருவிக்குக் கட்டுச்சோறு மிஞ்சாது. ஆகவே, சித்திரை முடிவதற்குள் ஒருநாள் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போய், அந்தப் புதரருகே சற்றுக் காது கொடுங்கள். பாட்டைக் கேட்டவர்கள் புதரை வெட்டச் சம்மதிக்கமாட்டார்கள் என்பது நமது நம்பிக்கை.