கோப்பியும் தலைமுறைகளும்: யாழ்ப்பாணச் சமூகத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

உணவு, பானம் ஆகியன பற்றிய பழக்கங்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறுபடுவது யாவரும் அறிந்ததே. யாழ்ப்பாணத்து முதியோர் வீட்டில் வறுத்து இடித்த கோப்பியையே கோப்பி என ஏற்பர். அவர்தம் மக்கள் தேத்தண்ணிக் கடையிற் பழகியவர்கள். பேரப்பிள்ளைகளோ உடனடிக் கோப்பித் தூளையும் இயந்திரத்தில் வடித்த கோப்பியையும் நாடுகின்றனர். இம்மாற்றத்தைச் சுவை வேறுபாடாகவோ இளையோரின் நாகரிக மோகமாகவோ விளக்கி அமைவதே வழக்கம். ஆனால் சுவை தனிமனிதரின் நாவில் தானாகப் பிறப்பதன்று. ஒரு பொருள் எவருடைய உழைப்பால், என்ன விலைக்கு, எந்தப் பாத்திரத்தில் ஒருவரை வந்தடைகின்றது என்பதே அவரது பழக்கத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. இவ்வடிப்படையிலேயே மூன்று தலைமுறையினரின் பழக்கங்களை நாம் நோக்குதல் வேண்டும்.

முதலிற் பொருளியற் பின்னணியைச் சுருங்கக் காண்போம். 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானபின், 1820களில் கம்பளையிலும் பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் பெருந்தோட்ட விரிவுக்கு வழிசெய்தது. தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் பருவந்தோறும் கால்நடையாக வந்து, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். அவர்களது உழைப்பைப் பொருளாகக் கொண்ட ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பி கிருஷிக் கும்மி' 1869 இல் வெளிவந்தது. தோட்ட நிருவாகத்தின் நோக்கில் நின்று பாடப்பட்ட நூல் அது. அதே ஆண்டிலேயே கோப்பி இலைநோய் இலங்கையில் இனங்காணப்பட்டமை கருதத்தக்கது. 1880களிற் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது. 1867 இல் லூல்கந்துறையில் வர்த்தக நோக்கிற் பயிரிடப்பட்ட தேயிலை அதன் இடத்தைப் பற்றியது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தமையால், தொழிலாளர் குடும்பங்கள் லயன்களில் நிலைகொள்ள நேர்ந்தது. கோப்பி வீட்டுத் தோட்டப் பயிராக எஞ்சியது.

யாழ்ப்பாணத்து மூத்த தலைமுறையினரின் கோப்பி, வீட்டின் எல்லைக்குட்பட்ட பானம். கோப்பிக்கொட்டையை வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து உரலில் இடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது அவர்தம் வழக்கம். 'அந்தக் காலத்துக் கோப்பியின் மணம்' எனச் சிலாகிப்போர் இரண்டு உண்மைகளை மறந்துவிடுகின்றனர். ஒன்று, அம்மணத்தின் பின்னே வறுத்தும் இடித்தும் களைத்த பெண்களின் ஊதியமற்ற உழைப்பு இருந்தது. மற்றது, அக்கோப்பி எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில் வழங்கப்படவில்லை. உதடு படாது அண்ணாந்து குடிப்பதற்கு வாய்ப்பான மூக்குப்பேணி வீட்டாருக்கும் விருந்தினருக்கும் உரியது. முற்றத்தில் நின்ற ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கிடைத்தது சிரட்டை.

அடுத்த தலைமுறையினரின் பானம் தேநீர். 1930களின் உலகப் பொருளாதார மந்தமும் 1933 ஆம் ஆண்டின் சர்வதேசத் தேயிலை உடன்படிக்கையும் ஏற்றுமதியை மட்டுப்படுத்திய சூழலில், உள்ளூர்ச் சந்தையும் தேயிலைப் பிரசாரத்தின் கவனத்துக்கு உள்ளாயிற்று. சந்திகள் தோறும் தேத்தண்ணிக் கடைகள் பெருகின. வீட்டு முற்றத்தைப் போலன்றிக் கடை பொதுவிடம். காசு கொடுப்பவர் யாவரும் அங்கு வாடிக்கையாளர். பணவுறவு சாதியுறவைத் தானே கரைத்துவிடும் என எதிர்பார்க்கத் தோன்றும். நடந்தது அதுவன்று. காசை வாங்கிய கை, குவளையை நீட்ட மறுத்தது. ஒடுக்கப்பட்டோருக்குப் போத்தலும் தகரப்பேணியும் புறம்பாக வைக்கப்பட்டன. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும் நடைமுறையில் இதனை மாற்றவில்லை. 1966 ஒக்டோபர் 21 எழுச்சியைத் தொடர்ந்து, தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் தலைமையில், சங்கானை, சாவகச்சேரி முதலிய இடங்களில் நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களே கண்ணாடிக் குவளையைப் பொதுவாக்கின. அதற்கு உயிர்களும் பலியாயின. சாதியத்துக்கெதிரான இப்போராட்ட வாழ்வு கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) வழியாக ஈழத்து நாவலின் பொருளாயிற்று. எனவே, இத்தலைமுறையினர் தேநீரை விரும்பினர் என்று மட்டும் கூறுவது அரைகுறை விளக்கமே. அவர்களுட் பலருக்கு அத்தேநீர் மானத்தின் அளவுகோலாகவும் இருந்தது.

மூன்றாந் தலைமுறையினரின் பழக்கம் 1977 இன் திறந்த பொருளாதாரத்தோடு தொடர்புடையது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர, உடனடிக் கோப்பித் தூளும் பால்மாவும் கடைகளை நிறைத்தன. உரலும் உலக்கையும் மூலைக்குச் சென்றன. பெண்களின் வேலைப்பளு இதனாற் குறைந்தமையை மறுத்தற்கில்லை. எனினும் மாற்றம் ஒரே திசையிற் செல்லவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், எரிபொருட் தட்டுப்பாட்டிடையே விறகடுப்பும் பனங்கட்டியும் மீண்டும் இன்றியமையாதன ஆயின. பாட்டியின் பழக்கம் பேரர்க்கு விருப்பத்தாலன்றி நெருக்கடியால் வந்து சேர்ந்தது. போர் 2009 இல் முடிந்தபின் நகரிலே தோன்றிய கோப்பியகங்களில் இன்றைய இளையோர் அருகருகே அமர்கின்றனர். அங்கு எவரும் சாதி கேட்டுக் குவளை தருவதில்லை. ஆனால் விலைப்பட்டியல் ஆளைத் தெரிந்தெடுக்கின்றது. பெருந்தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியோடு ஒரு குவளையின் விலையை ஒப்பிட்டு நோக்குவோர்க்கு இது விளங்கும்.

ஆகவே, தலைமுறை வேறுபாடு எனப்படுவது வயதின் வேறுபாடு மாத்திரமன்று. உற்பத்தி முறையிலும் சமூக உறவுகளிலும் நிகழ்ந்த மாற்றங்கள் வயதின் உருவிற் காட்சி தருவதே அது. ஒரே வயதினரான இருவருள் ஒருவர் மூக்குப்பேணியையும் மற்றவர் சிரட்டையையும் நினைவுகூர்வர் எனின், அவர்களை ஒரே தலைமுறையினர் என்று எங்ஙனம் கூறுவது? முதியோரின் ஏக்கத்தையும் இளையோரின் மோகத்தையும் எடைபோடுவதோடு நில்லாது, ஒடுக்கப்பட்ட மக்களின் வாய்மொழி நினைவுகளையும் மலையகத் தொழிலாளரின் அனுபவங்களையும் தொகுத்தல் ஆய்வாளர் கடனாகும். அந்நினைவுகளைச் சுமந்தோர் மறைந்துவரும் இக்காலத்தில் அப்பணி தாமதத்துக்குரியதன்று.